ஓடுமட்டும் ஓடட்டும்?

“சிஸ்டம் வேலை செய்யேல்லை. நாளைக்கு வந்து பாருங்கோ.”

இந்த வசனத்தைக் கேட்காத ஆள் எங்களில் ஒருத்தரும் இல்லை. பிறப்புச் சான்றிதழ் எடுக்கப் போன இடத்தில் கேட்டிருக்கிறோம். வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் போன இடத்திலும், வங்கியிலும் கேட்டிருக்கிறோம். அரை நாள் லீவும் பஸ் காசும் போனதுதான் மிச்சம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அக்காவுக்கு இரண்டு சொல் சொல்லிவிட்டு வெளியே வருவோம். பாவம், அவவுக்கும் ஒன்றும் தெரியாது. அவவின் மேசையில் இருக்கிற கணினி எங்கேயோ இருக்கிற ஒரு சேர்வரோடு பேசுகிறது. அந்த சேர்வர் ஏன் பதில் சொல்லவில்லை என்பதை அவவுக்கு யாரும் சொல்லுவதில்லை.

எங்கள் குழுவில் மூன்று பேர் அந்த “எங்கேயோ” இருக்கிற அறைகளில் வேலை செய்கிறவர்கள். சினிமா, புத்தகம், அரசியல் என்று எழுதுகிற இந்தப் பக்கத்தில் சேர்வர் பற்றி எழுதுவதா என்று எங்களுக்குள்ளேயே ஒரு வாக்குவாதம் வந்தது. கடைசியில் எழுதுவோம் என்றே முடிவெடுத்தோம். இது கம்பியூட்டர்காரரின் தனிப்பட்ட பிரச்சினை இல்லை. எங்கட பெயர், பிறந்த திகதி, காணி, மருத்துவக் கிளினிக் குறிப்பு எல்லாம் இப்போது அந்த அறைகளுக்குள்தான் இருக்கின்றன. அவற்றை யார், எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று கேட்கிற உரிமை எல்லோருக்கும் உண்டு.

முதலில், தனியார் கிளவுட் எண்டால் என்ன?

கிளவுட் என்றதும் கூகுள், அமேசன் என்றுதான் நினைவு வரும். அது பொதுக் கிளவுட். யாரும் காசு கட்டி வாடகைக்கு எடுக்கலாம். தனியார் கிளவுட் என்பது ஒரு நிறுவனமோ அரசோ தனக்கென்று வைத்திருப்பது. சொந்த சேர்வர்கள் பத்தோ நூறோ இருக்கும். விஎம்வெயார், ஓப்பன்ஸ்டாக் மாதிரியான மென்பொருள் அவற்றை ஒரே குளம்போல ஆக்கிவிடும். அந்தக் குளத்திலிருந்து தேவையான அளவு அள்ளி, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு மெய்நிகர்க் கணினி கொடுப்பார்கள். இலங்கை அரசுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது: லங்கா கவர்ன்மென்ட் கிளவுட். தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் அதை நடத்தி வந்தது.

வசதியான ஏற்பாடுதான். ஆனால் இது ஒரே பொருள் இல்லை, அடுக்கடுக்காக இருக்கிறது. அடியில் இரும்புப் பெட்டிகளும் அவற்றுக்குள் பதிந்திருக்கிற ஃபேர்ம்வெயாரும். அதன் மேல் மெய்நிகராக்கும் மென்பொருள். பக்கத்தில் ஸ்டோரேஜும் நெட்வேர்க்கும். மேலே இயங்குதளம். அதற்கும் மேலே மின்னஞ்சல், சம்பளப் பட்டியல், பதிவேடு. ஒவ்வொரு அடுக்கையும் வெவ்வேறு கொம்பனி செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் “இந்தத் திகதிக்குப் பிறகு நாங்கள் இதைத் திருத்தித் தரமாட்டோம்” என்று ஒரு முடிவுத் திகதி உண்டு. பொதுக் கிளவுட்டில் கீழ் அடுக்குகளை வாடகைக்கு விடுகிறவன் பார்த்துக்கொள்வான். தனியார் கிளவுட்டில் அடியிலிருந்து நுனிவரை நீங்கள்தான் பார்க்க வேணும்.

எங்கட பாட்டன்மாரின் ஓலை வீடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கோ. மாரிக்கு முன்னம் கூரை வேய வேணும். கிடுகுக்கும் கயிற்றுக்கும் கூலிக்கும் காசு ஒதுக்க வேணும். “போன வருசம் ஒழுகவில்லைத்தானே” என்று விட்டால், இந்த வருசம் ஒழுகும்.

101 நாள்

ஒழுகிய கதையை எல்லோரும் மறந்துவிட்டோம். அதனால் திரும்பச் சொல்கிறோம்.

2023 ஓகஸ்ட் 26 அன்று லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்டை ஒரு கப்பம் கேட்கும் நச்சுநிரல் தாக்கியது. அரசாங்கத்தின் மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். சில மணித்தியாலங்களில் சேவை திரும்ப வந்தது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பி வரவில்லை. அந்தக் காலத்துக்கு நகல் இருக்கவில்லை. எண்ணிப் பார்த்தால் 101 நாள்.

ஏன் நடந்தது என்பதைப் பொறுப்பான நிறுவனமே ஊடகங்களுக்குச் சொன்னது. மின்னஞ்சல் ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில். 2014இல் அந்தப் பதிப்புக்கு மாறியிருந்தார்கள். பிறகு மாறவில்லை. 2021 முதலே புதிய பதிப்புக்குப் போகத் திட்டமிருந்தது. நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய பணிப்பாளர் சபையின் சில தீர்மானங்களாலும் அது தாமதமானது என்பதுதான் அவர்கள் தந்த விளக்கம். எக்ஸ்சேஞ்ச் 2013க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2023 ஏப்ரல் 11 அன்று நிறுத்தியது. தாக்குதல் நடந்தது அதற்கு நாலரை மாதம் கழித்து.

இந்தத் திகதிகளைக் கொஞ்சம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. ஏப்ரல் 11 என்ற முடிவுத் திகதி திடீரென்று வந்ததில்லை. பல வருசம் முன்னமே மைக்ரோசொஃப்ட்டின் இணையத்தளத்தில் போட்டிருந்தது. தேர்தல் திகதிகூட நாட்டில் மாறும். இந்தத் திகதி மாறவில்லை. அது வருகிறது என்று தெரிந்தவர்கள் அந்தக் கட்டடத்துக்குள் நிச்சயம் இருந்திருப்பார்கள், இல்லாவிட்டால் 2021இல் திட்டம் வந்திருக்காது. தெரிந்தவரின் சொல் காசு ஒதுக்குகிறவரின் மேசைக்குப் போய்ச் சேரவில்லை. அல்லது போய்ச் சேர்ந்தும் ஃபைலுக்குள் படுத்துவிட்டது.

நியாயமாகவும் பேச வேணும். 2022 எப்படிப்பட்ட வருசம் என்று எங்களுக்குத் தெரியும். மார்ச் மாத ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 வரை போனது. டொலரில் வாங்க வேண்டிய லைசென்ஸ் ஒன்றுக்கு ரூபாயில் ஒதுக்கிய காசு கிட்டத்தட்ட அரைவாசியாகிவிட்டது. பெற்றோல் வரிசையில் சனம் செத்துக்கொண்டிருந்த நேரத்தில் மின்னஞ்சல் சேர்வருக்குக் காசு கேட்க யாருக்கு வாய் வரும்? அது விளங்குது. ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரு நகலை எடுத்து, இணைப்பைக் கழற்றித் தனியே வைப்பதற்குப் பெரிய டொலர் தேவையில்லை. அதற்கான ஒழுங்கும், அதைச் செய்தாயா என்று கேட்க ஒரு ஆளும் தேவை. அந்த ஒழுங்கு தாக்குதலுக்குப் பிறகுதான் அறிவிக்கப்பட்டது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய நோயும் இல்லை. 2023 பெப்ரவரியில் உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான விஎம்வெயார் சேர்வர்களை ஒரு கப்ப நச்சுநிரல் பூட்டியது. அது புகுந்த ஓட்டைக்கான திருத்தத்தை விஎம்வெயார் வெளியிட்டது 2021 பெப்ரவரியில். திருத்தம் இரண்டு வருசமாக இலவசமாகக் கிடந்தது. பூட்டுப்பட்டவர்கள் பூசவில்லை.

பயமும் நியாயம்தான்

“ஓடுமட்டும் ஓடட்டும், நோண்டாதேங்கோ” என்பதை வெறும் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. அப்கிரேட் செய்யப்போய் வீடே விழுந்த கதைகளும் உண்டு.

2018 ஏப்ரலில் பிரித்தானியாவின் டிஎஸ்பி வங்கி 52 இலட்சம் வாடிக்கையாளரின் கணக்குகளைப் புதிய தளம் ஒன்றுக்கு மாற்றியது. பெரும்பகுதியை ஒரே வார இறுதியில் மாற்றினார்கள். திங்கட்கிழமை பல இலட்சம் பேரால் தங்கட காசைப் பார்க்க முடியவில்லை. முழுதாய்ச் சரிவர மாதக்கணக்கானது. 2022 டிசம்பரில் அந்த வங்கிக்கு 4 கோடியே 86 இலட்சம் பவுண் தண்டம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கொம்பனி அனுப்பிய ஒரு சின்ன மாற்றம், மைக்ரோசொஃப்ட்டின் கணக்கின்படி 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை விழுத்தியது. விமானங்கள் நின்றன. இரண்டிலும் பிழை மாற்றத்தைச் செய்ததில் இல்லை. எல்லோருக்கும் ஒரே தடவையில் செய்ததுதான் பிழை.

2025 செப்டெம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசாங்க டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. பழைய லித்தியம் பற்றரிகளை சேர்வர்களிடமிருந்து பிரித்து வேறு இடத்துக்கு மாற்றுகிற வேலை நடந்துகொண்டிருந்தபோதே தீ வந்தது. அதாவது, தீ வராமல் இருக்கச் செய்த வேலை. அறுநூறுக்கும் மேற்பட்ட அரச சேவைகள் நின்றன. அரச ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்த ஜி-டிரைவ் என்கிற சேமிப்பகம் எரிந்தது, 858 டெராபைட். அளவு பெரிது என்ற காரணத்தால் அதற்கு வெளியே நகல் இருக்கவில்லை. உலகத்திலேயே நல்ல இணையம் உள்ள நாடு, காசு உள்ள நாடு. அங்கேயும் இப்படி.

பயப்படுகிறவர்கள் இந்த மூன்று கதையையும் காட்டி “பார்த்தியோ?” என்பார்கள். நாங்கள் அதே மூன்று கதையிலிருந்து வேறொன்றைப் பார்க்கிறோம். முதலாவதில் சிறு பகுதியாகப் பிரித்து மாற்றவில்லை. இரண்டாவதில் ஒரு சிலருக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு அனுப்பவில்லை. மூன்றாவதில் வேலைக்கு முன்னம் நகல் எடுக்கவில்லை. இவை மூன்றும் திட்டத்தில் உள்ள ஓட்டைகள். திட்டத்தைச் சரிசெய்யலாம். அப்கிரேடை விட்டுவிட்டால் சரிசெய்ய ஒன்றும் மிஞ்சாது, திகதிக்குக் காத்திருக்கிறதுதான்.

எங்கட ஒரு சனிக்கிழமை இரவு

எங்களில் இருவர் ஒன்றாக வேலை செய்த ஒரு நிறுவனத்தில் நடந்ததையும் சொல்ல வேணும். பெயர் வேண்டாம்.

ஆறு சேர்வர் கொண்ட சின்னக் கிளவுட். விஎம்வெயாரின் பழைய பதிப்பிலிருந்து 7ஆம் பதிப்புக்கு மாற்றச் சொன்னார்கள். சனி இரவு பத்து மணிக்குத் தொடங்கி ஞாயிறு காலைக்குள் முடிக்கிறதெண்டு கணக்கு. முதலில் மேலாண்மை சேர்வரை மாற்ற வேணும், பிறகு ஒவ்வொரு சேர்வராக. மேலாண்மை சேர்வர் அழகாய் மாறியது. தேத்தண்ணி குடித்துவிட்டு முதலாவது சேர்வரில் கை வைத்தோம். அது புதிய பதிப்போடு எழும்பியது, ஆனால் ஸ்டோரேஜ் தெரியவில்லை. 7ஆம் பதிப்பில் பழைய வகை இயக்கி மென்பொருள்களுக்கான இடத்தை எடுத்துவிட்டார்கள்; எங்கட ஸ்டோரேஜ் அட்டை அந்தப் பழைய வகை. சேர்வர் உயிரோடு இருக்கிறது, கண் தெரியவில்லை.

சரி, பழைய பதிப்பையே திரும்பப் போடுவோம் என்றால் அதன் நிறுவல் கோப்பு ஒருத்தரிடமும் இல்லை. அமைப்புகளின் நகலும் இல்லை. இதையெல்லாம் கட்டியெழுப்பிய அண்ணை 2022இல் கனடா போய்விட்டார். இரவு இரண்டு மணிக்கு அவருக்கு அழைப்பு எடுத்தோம். ரொறன்ரோவில் பின்னேரம் நாலரை. வேலையில் நின்றவர் ஓரமாய் வந்து பேசினார். “தம்பி, இரும்பு அலுமாரியில மேல் தட்டில ஒரு ஹார்ட் டிஸ்க் கிடக்கும், பாரும்.” கிடந்தது. தூசி தட்டி எடுத்தோம்.

அந்த நேரம் முழுக்க மற்ற ஐந்து சேர்வரும் ஆறாவதின் சுமையையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தன. மெமரி ஏற்கெனவே நிரம்பித்தான் இருந்தது. இன்னொன்று படுத்திருந்தால் திங்கட்கிழமை சம்பளம் போயிருக்காது. ஞாயிறு முழுக்க இருந்து, திங்கள் விடிய ஆறரைக்குத்தான் பழையபடி கொண்டுவந்தோம்.

காலையில் மேலாளர் வந்தார். கோபப்படவில்லை. “இனி இதில கை வைக்காதேயும்” என்றார். எங்களுக்குத் தெரிய, அதற்குப் பிறகு யாரும் கை வைக்கவில்லை. அந்தப் பழைய பதிப்புக்கான ஆதரவு 2022 ஒக்டோபரிலேயே முடிந்துவிட்டது. 7ஆம் பதிப்புக்கான ஆதரவும் 2025 ஒக்டோபர் 2 அன்று முடிந்தது. நாங்கள் போக முயன்ற இடமே இப்போது காலாவதி.

இதில் எங்களை வெட்கப்பட வைப்பது ஒன்று. எந்த அட்டை எந்தப் பதிப்போடு ஒத்துப்போகும் என்ற பட்டியல் விஎம்வெயாரின் இணையத்தளத்தில் எல்லோரும் பார்க்கக்கூடியதாக இருந்தது. மாதிரி இலக்கத்தைத் தட்டிப் பார்க்கப் பத்து நிமிசம் போதும். நாங்கள் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி எழுதிவைத்த ஒரு தாளும் அங்கே இருக்கவில்லை.

அப்ப எப்படிச் செய்யிறது?

அந்த இரவுக்குப் பிறகு வேறு இடங்களில் வேலை செய்து, சில தடவை நல்லபடியும் சில தடவை தலைகீழாயும் செய்து பார்த்ததில், எங்களுக்குள் ஒரு ஒழுங்கு வந்திருக்கிறது. புதுமை ஒன்றுமில்லை, பெரிய கிளவுட் நடத்துகிறவர்கள் எல்லோரும் சொல்லுவதுதான்.

ஒன்று, பட்டியல். என்னென்ன பெட்டி, என்ன மாதிரி, என்ன ஃபேர்ம்வெயார், என்ன பதிப்பு, எப்போது ஆதரவு முடிகிறது. ஒரு எக்செல் தாள் போதும். இந்தத் தாள் இல்லாமல் அப்கிரேட் என்ற சொல்லையே எடுக்கக் கூடாது.

இரண்டு, ஒழுங்கு வரிசை. எது முதலில், எது பிறகு என்பதை மென்பொருள் செய்தவர்கள் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். விஎம்வெயாரில் மேலாண்மை முதலில், பிறகு சேர்வர்கள். ஓப்பன்ஸ்டாக்கில் பொதுவாக அடையாளம் பார்க்கும் கீஸ்டோன் முன்னுக்குப் போகும். கட்டுப்பாட்டுச் சேவைகள் முடிந்த பிறகுதான் மெய்நிகர்க் கணினிகள் ஓடுகிற சேர்வர்களில் கை வைக்க வேணும். ஒவ்வொரு படிக்கும் முன்னம் தரவுத்தளத்தின் நகல்.

மூன்று, வெறும் இடம். ஒரு சேர்வரை அப்கிரேட் செய்ய அதில் ஓடுகிற எல்லாவற்றையும் மற்றவற்றுக்கு நகர்த்த வேணும். மற்றவற்றில் இடம் வேணுமே! ஆறு சேர்வர் வாங்கினால் ஐந்தின் வேலையைத்தான் கொடுக்க வேணும். கணக்காளருக்கு ஆறாவது சும்மா இருக்கிற மாதிரித் தெரியும். அது சும்மா இல்லை, கூரை வேயும்போது சாமான் எடுத்து வைக்கிற தாழ்வாரம்.

நான்கு, ஒத்திகை. பழைய சேர்வர் ஒன்றை எறியாமல் வைத்து, அதே வகை அட்டையோடு, முதலில் அதில் செய்து பார்க்க வேணும். எங்கட சனிக்கிழமை இரவு ஒரு ஒத்திகையில் வந்திருந்தால் அது வெறும் ஒரு பின்னேர வேலை.

ஐந்து, திரும்பும் புள்ளி. “இரவு ஒரு மணிக்குள் இந்தப் படி முடியாவிட்டால் பழையதற்குத் திரும்புவோம்” என்று முன்னமே எழுதி, யார் அந்த முடிவை எடுப்பார் என்று பெயரையும் எழுத வேணும். இரவு மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இருக்கிற ஆள் “இன்னும் ஒருக்கா பார்ப்பம்” என்றுதான் சொல்லும். அந்த ஒருக்கா விடியும்வரை போகும்.

ஆறு, நகலைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறது. பாக்கப் எடுத்தோம் என்று டிக் போடுவது சுலபம். அதிலிருந்து ஒரு கோப்பையாவது உண்மையில் மீட்டுப் பார்த்தோமா? ஒரு நகலாவது நெட்வேர்க்கிலிருந்து கழன்று இருக்கிறதா?

ஏழு, அடிக்கடி. இதுதான் எல்லோரும் தலைகீழாய் நினைக்கிற இடம். ஐந்து வருசத்துக்கு ஒருக்கா செய்தால் ஐந்து வருசத்து மாற்றம் ஒரே இரவில் தலையில் விழும். செய்யத் தெரிந்தவரும் அதற்குள் கனடா போயிருப்பார். ஓப்பன்ஸ்டாக்கில் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. அந்த வேகத்துக்கு ஓட முடியாது என்று பலர் சொன்னதால், 2023 முதல் ஒன்றுவிட்டு ஒன்று தாவுகிற வழியைத் தந்திருக்கிறார்கள்: வருசத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும். வருசத்துக்கு ஒரு தடவை. கூரை வேயிற கணக்குத்தான்.

பொதுக் கிளவுட்டுக்குப் போனால் சரிதானே?

இதை வாசிக்கிற சிலர் கேட்பார்கள், இவ்வளவு கரைச்சல் எதற்கு, எல்லாவற்றையும் அமேசனிடமோ மைக்ரோசொஃப்ட்டிடமோ கொடுத்துவிடலாமே என்று. எங்களுக்குள்ளேயும் இதில் ஒத்த கருத்து இல்லை. சின்ன நிறுவனங்களுக்கு, மின்னஞ்சல் போன்ற வேலைகளுக்கு, அது நல்ல வழியாகவும் இருக்கலாம். ஆறு சேர்வரைப் பார்க்க ஆள் இல்லாதவன் சேர்வர் வைத்திருக்கக் கூடாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கு.

ஆனால் மாதாமாதம் டொலரில் கட்ட வேணும். 2022இல் நாட்டிடம் டொலர் இல்லாத மாதங்களை நாங்கள் பார்த்தவர்கள். மருந்துக்கே டொலர் தேடின காலத்தில் கிளவுட் பில் நின்றுபோனால் குடிமக்களின் பதிவேடு என்னாகும்? எங்கட டேட்டா எந்த நாட்டுச் சட்டத்துக்குள் இருக்கும் என்ற கேள்வியும் இருக்கு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிற நாட்டில் அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

விற்கிறவனை நம்பி இருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2023 நவம்பரில் பிரோட்கொம் நிறுவனம் விஎம்வெயாரை வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை வாங்கி எப்போதும் பாவிக்கிற லைசென்ஸ் விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியது. சொந்த வீடு என்று நினைத்தவர்கள் வாடகைக்காரர் ஆனார்கள். இப்போது பல இடங்களில் ஓப்பன்ஸ்டாக், புரொக்ஸ்மொக்ஸ் போன்ற திறந்த மென்பொருளுக்குப் போவதைப் பற்றிப் பேசுகிறார்கள். எங்களுக்கு அதில் சந்தோசம்தான். ஆனால் திறந்த மென்பொருளும் தன்னைத்தானே அப்கிரேட் செய்துகொள்ளாது. லைசென்ஸுக்குக் கொடுத்த காசில் ஒரு பங்கை ஆட்களுக்குக் கொடுக்க வேணும்.

ஆகவே எந்த வழியில் போனாலும் கேள்வி ஒன்றுதான்: பராமரிப்பை யார் பொறுப்பெடுக்கிறார்கள், அதற்குக் காசு எங்கே?

இது ஏன் எங்கட பிரச்சினை

புதுச் சேர்வர் வாங்கினால் அது மூலதனச் செலவினம். நாடா வெட்டலாம், படம் பிடிக்கலாம், அமைச்சர் வருவார். பழைய சேர்வரைப் புதுப்பிப்பது மீண்டுவரும் செலவினத்துக்குள் வரும். யாரும் வரமாட்டார்கள். அப்கிரேட் நல்லபடி நடந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஞாயிறு இரவு முழித்திருந்த பிள்ளை திங்கள் வேலைக்கு வரும்போது ஒரு நன்றிகூடக் கிடைக்காது. பிழைத்தால் மட்டும் பெயர் வெளியே வரும். இப்படி இருந்தால் யார்தான் கை வைப்பான்? கெட்டிக்காரர் விசா எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

வடக்குக் கிழக்கில் பிறந்த எங்களுக்கு இது இன்னும் கிட்டத்தில் இருக்கிற விசயம். எங்களில் சிலரின் வீட்டில் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் இடப்பெயர்வில் போனவை. சிலருடையது சுனாமியில் போனது. திரும்ப எடுக்க அம்மாமார் நடமாடும் சேவை, கச்சேரி, நீதிமன்றம் என்று எத்தனை வருசம் அலைந்தார்கள் என்று பார்த்து வளர்ந்தோம். ஒரு துண்டுக் கடதாசி இல்லாததால் பள்ளிக்கூட அனுமதி இழுபட்ட பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். அந்தப் பதிவுகள் கணினிக்கு ஏறுவது நல்லது. எந்தப் பிரதேச செயலகத்திலும் நகல் எடுக்க முடிவது பெரிய நிம்மதி. கோவ்பே வந்திருக்கிறது, டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகிறது என்கிறார்கள். வரட்டும். ஆனால் ஷெல்லுக்கும் கடலுக்கும் தப்பி வந்த பதிவு ஒன்று, புதுப்பிக்க மறந்த ஒரு மென்பொருளால் போகுமென்றால் அதை எங்களால் ஏற்றுக்கொள்ள முடியாது.

நாங்கள் கேட்பது நாலு விசயம். அரசின் ஒவ்வொரு டிஜிட்டல் திட்டத்துக்கும் தொடக்கச் செலவோடு சேர்த்துப் பத்து வருசப் பராமரிப்புச் செலவையும் அறிவிக்க வேணும். முக்கியமான தளங்களின் மென்பொருள் ஆதரவு எப்போது முடிகிறது, அதற்கு முன்னம் மாற்றத் திட்டம் உண்டா என்பதைப் பாராளுமன்றத்துக்கு வருசம் ஒருக்கா சொல்ல வேணும். பாதுகாப்புக் கருதி விவரத்தை மூடிவைத்தாலும், “உண்டு” அல்லது “இல்லை” என்றாவது சொல்லலாம். கழற்றி வைத்த நகலிலிருந்து மீட்டுப் பார்க்கிற ஒத்திகையைக் கணக்காய்வாளர்கள் நேரில் நின்று பார்க்க வேணும். சேவையை நிறுத்தி வேலை செய்கிற நேரத்தை முன்கூட்டியே, மூன்று மொழியிலும், பிரதேச செயலக வாசலில் ஒட்ட வேணும்.

கடைசிக் கோரிக்கை சின்னதாய்த் தெரியலாம். எங்களுக்கு அதுதான் பெரிசு. “வரும் வெள்ளிக்கிழமை பராமரிப்பு வேலை, சேவை இல்லை” என்று ஒரு தாள் ஒட்டியிருந்தால், முல்லைத்தீவின் ஒரு மூலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற ஒரு ஐயா அன்றைக்கு வரமாட்டார். அந்தத் தாள் ஒட்டப்பட்டால் உள்ளே யாரோ திட்டம் போட்டு வேலை செய்கிறார்கள் என்று எங்களுக்கும் தெரியும். சிஸ்டம் ஒரு நாள் நிற்கிறதில் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. முன்னமே சொல்லிவிட்டு நிற்பாட்டுங்கோ என்றுதான் கேட்கிறோம்.